சித்தப்பா இல்லாதவர்களுக்கான விண்ணப்பப் படிவம்

பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று காட்ட ஒரு திட்டம் இருக்கிறது. கோடை ஆய்வுத் திட்டம் என்று பெயர். மே, ஜூன் இரண்டு மாதமும் ஏதாவது ஒரு தேசிய ஆய்வகத்தில், ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை. நல்ல திட்டம். யாரும் குறை சொல்ல முடியாது. சேர்வதற்கு இரண்டே தகுதிகள்தான். ஆராய்ச்சி என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். தெரியும் என்று எழுதிக் கொடுக்க ஓர் ஆராய்ச்சியாளரையும் தெரிந்திருக்க வேண்டும்.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். நம் ஊர்க் கிழவிகள் கண்டுபிடித்த இந்த விதிக்கு இன்னும் நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் டெல்லியிலிருந்து பெங்களூர் வரை அறிவியல் நிறுவனங்கள் இதன்படிதான் நடக்கின்றன.

எந்த நிறுவனத்தின் படிவத்தை எடுத்தாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்கள். சிபாரிசுக் கடிதம், ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்பவர்களும் உண்டு. நீங்கள் செய்ய விரும்பும் ஆய்வைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. முன் அனுபவம் இருந்தால் விவரம். விண்ணப்பிக்கும் மாணவிக்கு வயது 19. ஆய்வகம் என்று அவள் கண்ணால் பார்த்தது, ஒரு சோடியம் விளக்கும் நாலு பூட்டிய பீரோக்களும் இருக்கும் ஓர் அறையை.

இந்த நாட்டில் கோடை ஆய்வு நேற்று முளைத்த விஷயம் இல்லை. 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி.வி. ராமன் தன் பெயர் தாங்கிய ராமன் விளைவைக் கண்டுபிடித்தார். அந்தக் கோடையிலேயே சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 17 வயது மாணவர் ஒருவர் ராமனின் ஆய்வகத்துக்குப் போய் இருந்தார். பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். ராமனோடு வேலை செய்துகொண்டிருந்த, வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் போன்றவர்களோடு பேசிப் பழகினார். அடுத்த ஆண்டே, பட்டம் வாங்குமுன், லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவருடைய கட்டுரை வந்தது. 1983இல் நோபல் பரிசும் வந்தது. இதைவிட வெற்றிகரமான கோடை ஆய்வுத் திட்டத்தை உலகத்தில் யாரும் நடத்தியதில்லை. ஒரே ஒரு சின்னத் தகவல். ராமன் அவருக்குச் சித்தப்பா.

சந்திரசேகரைக் குறை சொல்லவில்லை. அவர் எந்தக் கதவு வழியாகப் போயிருந்தாலும் அவர்தான். ஆனால் அந்தக் காலத்தில் சித்தப்பா இல்லாத கதவுகளும் திறந்தன. ராமனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1906இல் மாநிலக் கல்லூரி மாணவனாக, 18 வயதில், தன் முதல் கட்டுரையை லண்டனிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். வழிகாட்டி கிடையாது. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. டிராமில் போகும்போது ஓர் அறிவியல் சங்கத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்தார். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தார்கள். மாலையிலும் இரவிலும் வந்து வேலை செய்துகொள் என்றார்கள். இன்றைக்கு அந்தக் கதவைத் தட்டியிருந்தால் வாட்ச்மேன் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். ‘ஆன்லைன்ல அப்ளை பண்ணுங்க சார்.’ ஆன்லைனில் அப்ளை பண்ணியிருந்தால் கணக்குத் துறை அலுவலருக்கு இயற்பியல் ஆய்வகத்தில் என்ன வேலை என்று இணையதளமே நிராகரித்திருக்கும். பிப்ரவரி 28 இன்றைக்கு ஒரு சாதாரணத் தேதியாக இருந்திருக்கும். தேசிய அறிவியல் தினம் என்று மேடை போட்டுப் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் செலவாவது மிஞ்சியிருக்கும்.

1928இன் பிற்பகுதியில் ஜெர்மானிய இயற்பியலாளர் சொம்மர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே நேராகப் போனார் சந்திரசேகர். நீ படித்த இயற்பியல் பழையதாகிவிட்டது என்று சொன்ன அந்தப் பெரிய மனிதர், இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப்படியை அந்தப் பையன் கையில் கொடுத்து அனுப்பினார். சிபாரிசுக் கடிதம் எங்கே என்று கேட்கவில்லை.

இப்போது இந்தக் காலத்துக்கு வருவோம். வந்தவாசிப் பக்கம் ஓர் அரசு கலைக் கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்த ஊரை வைத்துக்கொண்டாலும் கதை மாறாது. இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவள். கணக்கு நன்றாக வரும். கோடை ஆய்வைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படிவத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வருகிறாள்.

முதலில் அவள் என்ன கற்றிருக்கிறாள் என்று பார்த்துவிடுவோம். ஆறு பேருக்கு ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர். சோடியம் ஒளியின் அலைநீளம் கண்டுபிடிக்க வேண்டும். விடை 5893 ஆங்ஸ்ட்ராம் என்று புத்தகத்தில் இருக்கிறது. கருவியில் திருகு தேய்ந்துபோனதால் விடை 6400 என்று வருகிறது. ஏன் வருகிறது என்று கேட்டால் அதுதான் ஆராய்ச்சியின் முதல் நாள். கேட்கக் கூடாது. 5893இலிருந்து பின்பக்கமாகக் கணக்குப் போட்டு, வர வேண்டிய ரீடிங்குகளை வரவழைத்து, நடுநடுவே நம்பும்படியாகக் கொஞ்சம் பிழை தூவி, ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். இந்த வித்தை சீனியரிடமிருந்து ஜூனியருக்கு வரும் பரம்பரைச் சொத்து. விடையிலிருந்து அளவீட்டுக்குப் போவதற்கு அறிவியல் உலகத்தில் மோசடி என்று பெயர். நம் பல்கலைக்கழகங்களில் அதற்கு இன்டர்னல் மார்க்.

ஆசிரியர்களைத் திட்டுவது சுலபம். அதைச் செய்ய வேண்டாம். மாணவி கடிதம் கேட்கப் போகிற ஆசிரியர் ஒரு கௌரவ விரிவுரையாளர். தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் 7,000க்கும் மேற்பட்டோர் இப்படி இருக்கிறார்கள். முனைவர் பட்டமோ நெட், செட் தேர்வோ முடித்தவர்கள் பலர். மாதம் 25,000 ரூபாய். அதுவும் 11 மாதத்துக்குத்தான். மே மாதம் சம்பளம் கிடையாது. மாணவி கோடையில் ஆராய்ச்சி செய்யத் துடிக்கும் அதே மே மாதத்தில், அவளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர் கடன் கேட்டுத் திரிகிறார். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் தேர்வு என்றார்கள். ஆகஸ்ட் வந்தது. தேர்வு வரவில்லை.

‘சார், ஒரு ரெகமண்டேஷன் லெட்டர் வேணும்.’

‘என் பேர்ல போட்டா எவன்மா மதிப்பான்? கல்லூரி மெயில் ஐடி கேட்டிருக்கான் பாரு. எனக்கு ஜிமெயில்தான் இருக்கு. எச்.ஓ.டி.கிட்ட போ.’

துறைத் தலைவர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார். அவர் மேஜையில் கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் குழுவுக்கான கோப்புகள் கழுத்தளவுக்கு இருக்கின்றன. அந்தக் கோப்புகளில் ‘மாணவர்களிடையே ஆராய்ச்சி மனப்பான்மையை வளர்த்தல்’ என்ற தலைப்பில் பத்துப் பக்கம் நிரப்ப வேண்டியிருக்கிறது. ஆகவே ஆராய்ச்சி மனப்பான்மையோடு எதிரே நிற்கும் மாணவியிடம் பேச நேரமில்லை.

‘உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? பி.எட். பண்ணு. சீக்கிரம் செட்டில் ஆகலாம்.’

இதையும் தாண்டிக் கடிதம் வாங்கிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கடிதத்தில் ‘ஒழுக்கமானவள், வகுப்புக்கு ஒழுங்காக வருபவள்’ என்று இருக்கும். மறுபக்கம், ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் படிக்கும் ஒரு மாணவனின் கடிதம் கிடக்கும். அவனுக்கு எழுதியவர் வெளிநாட்டில் ஆய்வு செய்துவிட்டு வந்தவர். எந்த ஆய்வகம் எந்த வார்த்தைக்கு மயங்கும் என்று தெரிந்தவர். ஆய்வகம் அவனுக்கு விடுதியிலிருந்து நடந்துபோகிற தூரம். நாட்டில் ஏழு ஐசர்கள் இருக்கின்றன. திருப்பதியில் ஒன்று, திருவனந்தபுரத்தில் ஒன்று. நடுவில் இருக்கும் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அந்த மாணவன் மேல் நமக்குக் கோபமில்லை. ஏற்கெனவே ஆய்வகத்துக்குள் உட்கார்ந்திருப்பவனைக் கோடையில் இன்னோர் ஆய்வகத்துக்குள் உட்கார வைத்துவிட்டு, ‘இளைஞர்களை ஆராய்ச்சிக்கு ஈர்க்கிறோம்’ என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறார்களே, அவர்கள் மேல்தான்.

அமெரிக்கர்கள் இப்படி ஒரு கோடை ஆய்வுத் திட்டத்தை 1987இலேயே நாடு முழுக்க ஆரம்பித்தார்கள். அவர்களுடைய தேசிய அறிவியல் நிதியம் பணம் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை வைத்தது: ஆராய்ச்சி வசதி இல்லாத சின்னக் கல்லூரிகளிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டி வா. வசதி இல்லாதவருக்குத்தான் வசதி செய்து தர வேண்டும் என்ற இந்த நுட்பமான தத்துவம் அவர்களுக்கு எப்படியோ பிடிபட்டிருந்தது. 2025இல் அங்கேயும் பல இடங்களில் அந்தத் திட்டத்தை வெட்டினார்கள். மாணவர்கள் கத்தினார்கள், பத்திரிகைகள் எழுதின. நம் நாட்டில் அந்தச் சத்தமெல்லாம் வராது. கொடுக்காததை வெட்ட வேண்டியதில்லை.

சிலர் படிவமே வேண்டாமென்று விஞ்ஞானிகளுக்கு நேராக மின்னஞ்சல் அனுப்புவார்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆய்வுகளால் நான் பெரிதும் கவரப்பட்டேன்.’ ஒரே கடிதம், நூறு ஐயாக்களுக்கு. சில அம்மாக்களுக்கும் ஐயா என்றே போகும். விஞ்ஞானி அதைத் திறக்காமலே அழிக்கிறார். அவரையும் என்ன சொல்வது? ஒரு நாளைக்கு அப்படி எத்தனை வரும். அவரே ஒரு கருவி வாங்க மூன்று டெண்டர் விட்டுக் காத்திருப்பவர். 2022 ஜூலையில், ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகையை எடுத்துவிட்டு 18 சதவீதம் ஆக்கினார்கள். அரசு ஒரு பையிலிருந்து ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும். இன்னொரு பையில் அதற்கு வரி வாங்கிக்கொள்ளும். கொடுத்தது செய்தி, வாங்கியது வருமானம்.

பணத்தைப் பற்றிப் பேசினால் நம் ஆட்கள் வானத்தைப் பார்ப்பார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 0.64 சதவீதம். இதை 2 சதவீதம் ஆக்குவோம் என்று 2003ஆம் ஆண்டின் அறிவியல் கொள்கை சொன்னது. 2 சதவீதம் ஆக்குவோம் என்று 2013ஆம் ஆண்டின் கொள்கையும் சொன்னது. கட்சி மாறும், பிரதமர் மாறுவார். அந்த 2 மட்டும் ஒளியின் வேகத்தைப் போல மாறாது. 2023இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் வந்தது. ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்று தலைப்புச் செய்தி. உள்ளே படித்தால், அதில் 36,000 கோடி தனியாரிடமிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வரும் என்று எதிர்பார்ப்பு. வராத பணத்தை வரவில் எழுதும் வித்தையைக் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் செய்தால் தணிக்கை வரும், சஸ்பென்ஷன் வரும். டெல்லியில் செய்தால் அதற்குப் பெயர் தொலைநோக்கு.

இருப்பதிலேயே நாணயமானது, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைத் திட்டம்தான். பெங்களூரில் இருக்கும் அகாடமியை 1934இல் ஆரம்பித்தவரே ராமன்தான். அந்தக் கோடைத் திட்டம் அறிவியலின் பல துறைகளுக்கும் உண்டு. ரயில் கட்டணமும் மாதம் 12,500 ரூபாயும் தருகிறார்கள். வாழ்க. ஆனால் பெங்களூரில் ஒரு பி.ஜி. அறைக்கு வாடகை என்ன, அட்வான்ஸ் என்ன என்று அங்கே வேலைக்குப் போன உங்கள் பக்கத்து வீட்டுப் பையனைக் கேளுங்கள். அட்வான்ஸை முதலில் அப்பா புரட்ட வேண்டும். மற்ற இடங்களில் பெரும்பாலும் அந்த உதவித்தொகையும் கிடையாது. சில தேசிய ஆய்வகங்கள் மாணவர்களிடமே மாதக் கட்டணம் வாங்குகின்றன. மக்கள் வரியில் கட்டிய கட்டடம், மக்கள் வரியில் வாங்கிய கருவி, உள்ளே போய்ப் பார்க்க மக்களின் பிள்ளை கட்டணம் கட்ட வேண்டும். வண்டலூர் உயிரியல் பூங்காவில்கூடப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு.

பள்ளியிலேயே திறமையைக் கண்டெடுக்கிறோம் என்று 1999இல் கிஷோர் வைக்யானிக் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். விஞ்ஞானம் அந்த இரண்டு மொழிகளில்தான் ஊறுகிறது போலும். 2022இல் அதையும் இழுத்து மூடி, இன்ஸ்பயர் என்ற இன்னோர் உதவித்தொகைத் திட்டத்தோடு இணைத்துவிட்டோம் என்றார்கள். இணைத்த இடம் எப்படி இருந்தது தெரியுமா? 2025இல் இன்ஸ்பயர் ஆய்வாளர்கள் மாதக் கணக்கில் உதவித்தொகை வராமல் புலம்பியது பத்திரிகைகளில் வந்தது.

நம் மாணவிக்கு இடம் கிடைத்தேவிட்டது என்று ஒரு பேச்சுக்குச் சொல்வோம். மே முதல் வாரத்தில் சேர வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணையில் கடைசித் தாள் மே நடுவில் இருக்கிறது. அது ஒருமுறை தள்ளிவைக்கப்படும், அது மரபு. தேதியை மாற்றித் தர ஆய்வகத்துக்கு விதி இல்லை. முன்கூட்டித் தேர்வு வைக்கப் பல்கலைக்கழகத்துக்கு வழி இல்லை. இருவருமே அறிவியலை வளர்ப்பதாகத்தான் சொல்கிறார்கள். ஒரு போன் போட்டுப் பேசிக்கொண்டதில்லை.

கொடைக்கானலில் 1899இலிருந்து ஒரு சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு எப்படி நகர்கிறது என்று எவர்ஷெட் 1909இல் அங்கேதான் கண்டுபிடித்தார். அந்த மலைக்கு மே மாதம் போகிற சுற்றுலாப் பயணிக்கு 2024இலிருந்து இ-பாஸ் உண்டு. வண்டி நம்பரும் போன் நம்பரும் கொடுத்தால் போதும், ஆரம்பத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் உடனே கிடைத்தது. பிரியாணிப் பொட்டலத்தோடு மலையேறி ஏரியில் குப்பை போடப் போகிறவனிடம் எந்த வாத்தியாரின் கையெழுத்தையும் யாரும் கேட்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, கோடைப் பயிற்சி கட்டாயம். மாதிரிப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. இரண்டாம் ஆண்டு விடுமுறையில் இன்டர்ன்ஷிப். அதற்கு 2 கிரெடிட். எங்கே போய்ச் செய்வது என்பது மாணவியின் கவலை. இப்படி ஒரு தேவையை ஒரே வரியில் உண்டாக்கிவிட்டால் வியாபாரி சும்மா இருப்பானா? ‘குவாண்டம் கம்ப்யூட்டிங்கில் பதினைந்து நாள் ஆய்வுப் பயிற்சி, சான்றிதழ் உறுதி’ என்று வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. பணம் கட்டினால் நாலு வீடியோ அனுப்புவார்கள். வீடியோவைத் திறக்காவிட்டாலும் சான்றிதழ் வரும். உறுதி என்றால் உறுதி. அரசு கொடுத்த எந்த வாக்குறுதியும் இவ்வளவு நாணயமாக நிறைவேறியதில்லை. இடையில் அரசு தன் பங்குக்கு ‘நான் முதல்வன்’ திட்டத்தில் இயற்பியல் மாணவிக்கு மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் சொல்லிக் கொடுத்தது. தப்பில்லை. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களை எக்செல்லில் பட்டியல் போட்டு வைக்கலாம்.

வாட்ஸ்அப் சான்றிதழுக்கும் காசில்லாதவர்கள் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போவார்கள். கடைக்காரர் கம்ப்யூட்டரில் எல்லாத் துறைக்கும் ரிப்போர்ட் இருக்கிறது. ‘பிசிக்ஸா? சோலார் பேனல் ஒண்ணு இருக்கு, ஃபைபர் ஆப்டிக்ஸ் ஒண்ணு இருக்கு. சோலார் போன வருஷம் நிறையப் பேர் வெச்சுட்டாங்க, நீ ஃபைபர் எடுத்துக்கோ.’ பெயரும் பதிவு எண்ணும் மாற்ற ஐந்து நிமிடம். பிரின்ட், ஸ்பைரல் பைண்டிங், மேலே ஒரு பிளாஸ்டிக் அட்டை. நம் மாணவியும் வாங்கினாள்.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டெர்னல் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தார். அட்டையைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். ‘எத்தனை நாள் போனே?’ என்று கேட்டார். ‘பதினஞ்சு நாள் சார்.’ கையெழுத்துப் போட்டார். நன்றியுரைப் பக்கத்தில் போன வருடத்து மாணவன் தன் அப்பா அம்மா பெயரையும் காதலியின் முதல் எழுத்தையும் போட்டு உருகியிருந்தது அப்படியே இருந்தது. 92 மார்க்.